பைபரா, பிளாஸ்டிக்கா? எமது சங்கம் கயாக் வாங்கிய கதை

மாதர் சங்கமொன்று தையல் இயந்திரம் வாங்கினால் எவரும் கேள்வி கேட்பதில்லை. மா அரைக்கும் ஆலை போட்டாலும், ஆடு வளர்த்தாலும், மிக்சர் பொதி செய்து கடைகளுக்குக் கொடுத்தாலும் "நல்ல விசயம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் படகு வாங்கப் போகிறோம் என்ற செய்தி பரவியபோதோ ஊரில் ஆளுக்கொரு ஆலோசனை! சந்தையில் மீன் வெட்டுபவர் ஒன்று சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் வேறொன்று சொன்னார். செத்த வீட்டுக்குப் போன இடத்திலும் ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புள்ள, எடுத்தா பைபர்தான் எடுக்கணும். பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான்" என்று சொல்லி அனுப்பினார். அறுபது வயது வரை தோணியிலேயே சீவித்த மனிதர். அவர் சொல்லைத் தட்டுவது சுலபமல்ல.

ஆனாலும் தட்டித்தான் முடிவெடுத்தோம். எப்படி அந்த முடிவுக்கு வந்தோம் என்பது, நீர்நிலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதேபோன்ற முயற்சியை எண்ணியிருக்கும் சகோதரிகளுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் கிராமம் மட்டக்களப்பு வாவியின் கரையில் இருக்கிறது. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவி இது. பெரும்பாலான இடங்களில் ஆழம் அதிகமில்லை. காலை வேளையில் காற்று விழுந்திருக்கும்போது எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடக்கும். கரையோரமாகக் கண்டல் மரங்கள், அவற்றில் கொக்கு, நாரை, நீர்க்காகம். பாடும் மீன் கதையைக் கேட்டு வரும் உல்லாசப் பயணிகள் கல்லடிப் பாலத்தில் நின்று படமெடுத்துவிட்டுப் பாசிக்குடாவுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களில் சிலரையாவது எங்கள் பக்கம் மறித்து, காலையில் இரண்டு மணித்தியாலம் கயாக்கில் கண்டல் ஓரமாகக் கூட்டிப்போய், வந்ததும் பிட்டும் மீன் கறியும் கொடுத்து அனுப்பினால் என்ன? 2023ஆம் ஆண்டு உல்லாசப் பயணிகள் மறுபடி வரத் தொடங்கியபோது எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் இந்த யோசனை வந்தது.

சங்கத்தில் நாங்கள் 23 பேர். அதில் 9 பேர் கணவனை இழந்து அல்லது பிரிந்து தனியே பிள்ளைகளை வளர்ப்பவர்கள். கிழமைக்கு ஐம்பது ரூபா வீதம் 11 வருடங்கள் சேர்த்த பணம் வங்கியில் கிடந்தது. அத்துடன் மீளச் செலுத்த வேண்டிய ஒரு சுழற்சிக் கடனையும் எடுத்தால் நான்கு கயாக் வாங்கலாம். நான்குக்கு மேல் முடியாது. வாங்கியது பிழைத்தால் இன்னொரு 11 வருடம் காத்திருக்க எங்களில் பலருக்கு வயது இடம் தராது. பொருளாளர் என்ற முறையில் கணக்குப் புத்தகம் என்னிடம் இருந்தது. அந்தப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நித்திரையில்லாமல் கிடந்த இரவுகள் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என் தம்பி படகு கட்டும் இடமொன்றில் பைபர் வேலை செய்பவன். நாங்கள் பைபர் கயாக் எடுப்பதென்றால் அந்த வேலை அவன் கைக்குத்தான் போகும். ஆகவே முதற் கூட்டத்திலேயே எழுந்து நின்று இதைச் சொன்னேன். கூட்டக் குறிப்பிலும் எழுதச் செய்தேன். வாக்கெடுப்பு வந்தால் நான் கை தூக்கமாட்டேன் என்றும் சொன்னேன். காசு விசயத்தில் உறவு இருந்தால் அதை மூடி வைக்கக்கூடாது. பின்னர் எவராவது கண்டுபிடித்துக் கேட்கும்போது வரும் வெட்கம் பெரியது.

கயாக் என்பதைக் காணாத சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. எங்கள் தோணிக்கு ஒரு பக்கம் மாத்திரம் தட்டுள்ள சவள் பிடிப்போம். கயாக்குக்கு இரண்டு நுனியிலும் தட்டுள்ள நீளத் துடுப்பு. வலம் இடமாக மாற்றி மாற்றி வலிக்க வேண்டும். ஒடுங்கிய, இலேசான படகு. வட துருவத்தை அண்டிய பனிப் பிரதேசத்து இனுயிற் மக்களின் கண்டுபிடிப்பு. மரத்தாலோ எலும்பாலோ சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துப் போர்த்திச் செய்தார்கள். அந்தத் தோலைத் தண்ணீர் கசியாமல் தைத்துக் கொடுத்தவர்கள் பெண்கள்தான். ஒரு தையல் பிசகினால் புருசன் கரைக்கு வரமாட்டான். இதைக் கூட்டத்தில் சொன்னபோது, எங்கள் தையல் வகுப்பு ஆசிரியைக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! "அப்ப படகு பொம்பிளையளின்ட சாமான்தானேகா" என்றார்.

இப்போது தோலும் இல்லை, எலும்பும் இல்லை. சந்தையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டே வகை.

பைபர் எங்களுக்குப் பழக்கமான சாமான். 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டு உதவியுடன் காரைநகரில் தொடங்கிய சீநோர் நிறுவனம் இந்த நாட்டில் பைபர் படகுக்குப் பெயர் போனது. இன்று எந்தக் கரைக்குப் போனாலும் மர வள்ளத்தைவிட பைபர் படகுதான் அதிகம். செய்கிற முறையைத் தம்பியின் வேலை இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அச்சுக்குள் முதலில் மெழுகு பூசுவார்கள். அதன்மேல் ஜெல்கோட் என்ற நிறப்பூச்சு. பிறகு கண்ணாடி நாரினால் செய்த பாய் விரித்து, ரெசினுடன் ஹாட்னர் கலந்து தூரிகையால் ஊற வைத்து, உருளையால் காற்றுக் குமிழியை அமத்தி எடுப்பார்கள். காய்ந்ததும் அச்சிலிருந்து கழற்றினால் ஓடு தயார். எல்லாம் கை வேலை. ஆகவே செய்பவரின் கை எப்படியோ படகும் அப்படி.

இதை நாங்கள் பட்டு அறிந்தவர்கள். 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கரைகளுக்கு இலவசமாகப் பைபர் படகுகள் வந்து குவிந்தன. அவசரத்தில் செய்தவை, பழக்கமில்லாதவர்கள் செய்தவை எல்லாம் அதில் இருந்தன. எங்கள் ஊருக்கு வந்த ஒரு படகின் அடியில் ஒரு வருடத்துக்குள் கீறல் விழுந்து, பின்பு அது கோழிக்கூடாகத்தான் பயன்பட்டது. அதனால் பைபர் என்று யார் கொண்டுவந்தாலும் எங்கள் பெண்கள் சோதிக்காமல் விடுவதில்லை. ஒரு நாணயத்தால் ஓட்டின் மீது தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் "டண்" என்று கேட்கும். பாய் ஒட்டாமல் பிரிந்த இடத்தில் செத்த சத்தம் வரும். உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் ரெசின் ஊறவில்லை என்று அர்த்தம். வெயிலுக்கு எதிரே பிடித்தால் மெல்லிய இடம் வெளிச்சமாகத் தெரியும்.

பிளாஸ்டிக் கயாக்கை எப்படிச் செய்கிறார்கள் என்று விளங்கப்படுத்த எனக்கு ஓர் உதாரணம் கிடைத்தது. எங்கள் வீடுகளில் உயரத்தில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கிதான் அது! இரண்டும் ஒரே முறை, ஒரே இனச் சாமான். பொலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்கை மாவாக அரைத்து, இரும்பு அச்சுக்குள் கொட்டி, சூளைக்குள் எல்லாப் பக்கமும் சுழற்றுவார்கள். மா உருகி அச்சின் உட்சுவர் முழுவதும் ஒட்டிப் படிந்துவிடும். ஆறியதும் மூட்டில்லாத ஒரே துண்டாக வெளியே வரும். கயாக்கை இப்படிச் செய்யத் தொடங்கியது 1970களில். அதற்கு முன் பைபர்தான் ராசா.

புத்தகங்களில் போட்டிருக்கும் ஒப்பீடு என்ன? பைபர் இலேசு, விறைப்பு, வழுவழுப்பு. ஆகவே வலிக்கும் பலம் வீணாகாமல் வேகமாகப் போகும். தூரப் பயணக்காரர் விரும்புவது அதை. ஆனால் கல்லில் மோதினால் வெடிக்கும், விலையும் கூட. பிளாஸ்டிக் பாரம் கூட, கொஞ்சம் தொய்வு, வேகம் மட்டு. ஆனால் அடி தாங்கும், விலை குறைவு. ஒரே அளவான ஒற்றை ஆள் கடல் கயாக் பைபரில் 22 முதல் 25 கிலோ இருக்குமென்றால் பிளாஸ்டிக்கில் 27 முதல் 30 கிலோ இருக்கும்.

எங்கள் ஊரில் இந்தக் கணக்குத் தலைகீழாகியது. விலையைப் பாருங்கள். பிளாஸ்டிக் கயாக் எங்களுக்கு வெளிநாட்டுச் சரக்கு. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருநூறு ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் முந்நூற்றைம்பதைத் தாண்டியதை எவரும் மறக்கவில்லை. ஆகவே கொழும்பிலிருந்து கேட்ட பிளாஸ்டிக் கயாக்கின் விலை, தம்பியின் இடத்தில் சொன்ன பைபர் விலையைவிடக் கூடுதலாகவே இருந்தது. ரெசினும் இறக்குமதிதான், அதன் விலையும் ஏறியது. ஆனால் கூலி உள்ளூர்க் கூலி. பாரத்தைப் பாருங்கள். தம்பியின் இடத்தில் ஒரு விடுதிக்காகச் செய்து வைத்திருந்த பைபர் கயாக்கை நெல் நிறுக்கும் தராசில் ஏற்றினோம். 34 கிலோ! வெளிநாட்டில் இலேசாகச் செய்வது அளந்து அளந்து பாய் போடுவதால். எங்கள் ஆட்கள் "கிடக்கட்டும், பலமா இருக்கட்டும்" என்று ஒரு பாய் கூடப் போட்டுவிடுவார்கள். மீன்பிடிப் படகுக்கு அது சரி. இரண்டு பெண்கள் கரையிலிருந்து தூக்கவேண்டிய படகுக்கு?

ஆகவே எங்களுக்குப் புத்தகம் உதவவில்லை. வாவியில் இறக்கிப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். தம்பி அந்த பைபர் கயாக்கை ஒரு நாளுக்குத் தந்தான். உள்ளே கால் நீட்டி இருக்கும் வகை அது. பாசிக்குடாப் பக்கம் விடுதி நடத்தும் ஒருவர், மேலே இருந்து ஓட்டும் வகைப் பிளாஸ்டிக் கயாக் ஒன்றைத் தந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை 14 பேர் கரைக்குப் போனோம். முதல் மணித்தியாலம் பைபருக்கு வெற்றி. நேராக, அம்பு மாதிரிப் போனது. பிளாஸ்டிக்கில் போன பிள்ளைகள் பின்னால் நின்று கத்தினார்கள். "இதுதான்கா வேணும்" என்று பாதிப்பேர் முடிவு கட்டிவிட்டார்கள். தம்பியின் முகத்தில் சிரிப்பு. கண்டல் பக்கம் திரும்பும் இடத்தில் தண்ணீருக்குள் சிப்பி படிந்த வேர்கள் இருந்தன. பைபர் அதில் உரசிய சத்தம் எனக்குப் பல்லில் கூசியது. எடுத்துப் பார்த்தால் ஜெல்கோட்டில் ஒரு சாண் நீளக் கோடு. ஓட்டைக்கு அது போகவில்லை. ஆனால் அப்படியே விட்டால் உள்ளே நாருக்குத் தண்ணீர் ஊறும். பிளாஸ்டிக்கிலும் கோடு விழுந்தது, சீவல் மாதிரிப் பிசிறு எழும்பியது. அதைக் கத்தியால் சீவிவிட்டால் போதும்.

அப்போதுதான் பெரியம்மா வாய் திறந்தார். எங்கள் சங்கத்தில் மூத்தவர்களில் ஒருவர். உறவில் பெரியம்மா அல்ல, எல்லோருக்குமே பெரியம்மா. கடல்கோளில் மகனைப் பறிகொடுத்தவர். அன்றைய நாளுக்குப் பிறகு கடற்கரைக்கே போவதில்லை. வாவிக்கரையிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீருக்குள் இறங்கி நாங்கள் கண்டதில்லை.

"இது கவிழ்ந்தா மறுகா ஏறலாமா?" என்று கேட்டார்.

யாருக்கும் பதில் தெரியவில்லை. இத்தனை நாளும் விலை பேசினோம், நிறுத்துப் பார்த்தோம், நிறம்கூடப் பேசினோம். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. வரும் விருந்தினர் பலர் வாழ்நாளில் முதல் தடவை கயாக்கில் ஏறுபவர்களாக இருப்பார்கள். கூடப் போவது நாங்கள். எங்கள் வாவியில் முதலையும் உண்டு. கவிழ்ந்தவர் தண்ணீரில் எவ்வளவு நேரம் நிற்பது?

தோணிக்காரர் இருவரை இரு பக்கமும் நிறுத்தி, உயிர்காப்பு அங்கி போட்டு, வெளிச்சமான மணல் தரையுள்ள இடத்தில் பார்த்தோம். முதலில் எங்கள் செயலாளர் பைபரில் போய்க் கவிழ்த்தார். சிரமமில்லாமல் வெளியே வந்துவிட்டார். ஆனால் படகை நிமிர்த்தியபோது உள்ளே நிறையத் தண்ணீர். விளிம்பு தண்ணீர் மட்டத்தில் நின்றது. ஏறப் போனால் உருண்டது. ஐந்து தடவை முயன்றார். பின் தோணிக்காரர் இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, நாலு பேர் சேர்ந்து கவிழ்த்து ஊற்றினார்கள். தம்பி மறைக்கவில்லை. "முன்னுக்கும் பின்னுக்கும் அறை அடைச்சுக் குடுத்தா இவ்வளவு தண்ணி ஏறாது. ஆனா உள்ள இருக்கிற வகையில திரும்ப ஏறுறதைப் பழகத்தான் வேணும், அக்கா. ஒரு நாளில வராது" என்றான்.

மற்றதுக்குப் பெரியம்மா தானே போகிறேன் என்றார். நாங்கள் தடுத்தோம். அவர் கேட்கவில்லை. பிளாஸ்டிக் கயாக் கவிழ்ந்ததும் அவரே கையால் புரட்டி நிமிர்த்தினார். இருக்கை இருக்கும் தட்டில் அடிவரை போகும் துவாரங்கள் இருக்கின்றன. ஏறிய தண்ணீர் அதன் வழியே தானாக வடிந்தது. உள்ளே நிரம்புவதற்கு அங்கே பள்ளமே இல்லை, மூடிய பாத்திரம் மாதிரி. மதிலில் ஏறுவதுபோல வயிற்றைப் போட்டு, காலை உதைந்து, திரும்பி இருக்க வேண்டும். முதலாம் தடவை வழுக்கினார். இரண்டாம் தடவையும் வழுக்கினார். மூன்றாம் தடவை ஏறி இருந்துவிட்டார். கரையில் ஒருவரும் கைதட்டவில்லை. அவர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, "அந்தச் சவளை எடுத்துத் தாங்க" என்றார்.

நியாயமாகச் சொன்னால் இது சாமானின் வித்தியாசம் அல்ல, உருவத்தின் வித்தியாசம். மேலே இருக்கும் வகையைப் பைபரிலும் செய்யலாம். தம்பியும் அதைச் சொன்னான். ஆனால் சுழற்றி வார்க்கும் பிளாஸ்டிக்கில் அந்த உருவம் துவாரங்களுடன் ஒரே துண்டாக வந்துவிடுகிறது. பைபரில் செய்வதென்றால் மேலோடு ஒன்று, அடியோடு ஒன்று. சுற்றிவர மூட்டு, ஒவ்வொரு துவாரத்துக்கும் குழாய் வைத்து இரண்டு பக்கமும் மூட்டு. மூட்டு உள்ள இடமெல்லாம் ஒரு நாள் கசியக்கூடிய இடம். அதற்குப் புதிதாக அச்சும் செய்ய வேண்டும். ஐம்பது படகு எடுத்தால் அச்சுச் செலவு தெரியாது. நாலு படகுக்கு அந்தச் செலவைப் போட்டால், விலையில் பைபருக்கு இருந்த இலாபம் கரைந்துவிடும். கணக்குப் புத்தகத்தில் இதை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

பைபருக்கு ஆதரவாக மிஞ்சி நின்றது திருத்த வேலைதான். இது சின்னக் காரணமல்ல. பைபர் வெடித்தால் எங்கள் கரையில் திருத்த ஆள் உண்டு. காயவைத்து, வெடிப்பைச் சுற்றித் தேய்த்து, சின்னதும் பெரிதுமாகப் பாய் வெட்டி வைத்து ரெசின் ஊற்றினால் மறுநாள் தண்ணீரில் விடலாம். மாரி காலத்து ஈரத்தில் மட்டும் அந்த வேலை சரிவராது. பெண்கள் நாங்களே பழகவும் முடியும். ஆனால் தேய்க்கும் தூசி தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். முழுக்கைச் சட்டையும் முகமூடியும் வேண்டும். ஹாட்னர் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது. பிளாஸ்டிக்கோ எந்தப் பசையும் பிடிக்காத சாமான். "வெடிச்சா எறிய வேண்டியதுதான்" என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள்.

தண்ணீர்த் தாங்கி உதாரணம் இங்கேயும் கைகொடுத்தது. தாங்கி வெடித்தால் நாம் எறிகிறோமா? பட்டணத்தில் அதை ஒட்டிக் கொடுக்கும் ஆள் இருக்கிறார். கயாக்கின் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். சூட்டுக் காற்றால் இளக்கி, அதே இனப் பிளாஸ்டிக் கம்பியை உருக்கி ஊற்றினால் பிடிக்கும் என்றார். ஆனால் எல்லாப் பொலிஎதிலீனும் ஒரே மாதிரி இல்லையாம். சிலவகை, உருகிய பின் உள்ளே பின்னிப் பிணைந்துவிடும். அது மிகப் பலம், ஆனால் மறுபடி உருகாது, ஒட்டவும் முடியாது. வாங்கும்போது உருக்கி ஒட்டக்கூடிய வகையா என்று கேட்டு எழுத்தில் வாங்கச் சொன்னார். கொழும்பு விற்பனையாளரிடம் இதைக் கேட்டபோது அவர் தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பெண்ணொருத்தி இப்படிக் கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லைப்போலும்.

வாக்கெடுப்பில் பிளாஸ்டிக்குக்கு 17, பைபருக்கு 3. இரண்டு பேர் அன்று வரவில்லை. நான் கை தூக்கவில்லை. இருவர் இருக்கும் கயாக் இரண்டும், ஒருவர் இருக்கும் கயாக் இரண்டும் எடுத்தோம். எல்லாம் மேலே இருந்து ஓட்டும் வகை.

தம்பி அதன்பின் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணி குடித்துவிட்டு, "அக்கா, நீங்க கை தூக்காம இருந்ததும் ஒண்டுதான், எதிரா நிண்டதும் ஒண்டுதான்" என்றான். கண்டல் வேரில் அவனுடைய படகில் விழுந்த கோட்டை அவனே சொந்தச் செலவில் பூசிக் கொடுத்தான் என்பது எனக்குத் தெரியும். சங்கம் காசு தர முன்வந்தது, அவன் வாங்கவில்லை. இப்போதும் வருகிறான், பிள்ளைகளுக்கு மீன் கொண்டுவந்து தருகிறான். கயாக் கொட்டில் பக்கம் மட்டும் வருவதில்லை.

வாங்கிய பிறகு தெரிந்துகொண்ட சிலவற்றையும் எழுத வேண்டும். பிளாஸ்டிக்கின் பெரிய எதிரி கல்லல்ல, வெயில். எங்கள் ஊர் வெயிலில் வெறுந்தரையில் கிடந்தால் நிறம் வெளிறி, வருடங்கள் போகப் போக மொறுமொறுத்து வெடிக்கத் தொடங்கும். சூட்டில் இளகி, கிடக்கும் கட்டையின் அடையாளம் அடியில் பள்ளமாக விழும். வாகனத்தில் இறுக்கிக் கட்டினாலும் அப்படித்தான். சின்னப் பள்ளமென்றால் பாரத்தை எடுத்துவிட்டு இளவெயிலில் வைத்தால் தானாக நிமிர்வதும் உண்டு. ஆகவே படகு வந்து சேரும் முன்பே கொட்டில் போட்டோம். தகரம் அடியில் வெக்கை பிடிக்கும் என்று கிடுகால் வேய்ந்தோம். படகுகளைப் பக்கவாட்டில், அகலமான பட்டி போட்டுச் சாய்த்து வைக்கிறோம். இழுத்துப் போவதே கிடையாது. இரண்டு பேர் பிடித்துத் தூக்குவதுதான் சட்டம். மணலில் இழுத்தால் பின்னடி தேயும். அதுமட்டுமல்ல, தேய்ந்த பிளாஸ்டிக் தூள் வாவிக்குள்தானே போகும்? அந்த வாவியில் பிடித்த மீனைத்தானே விருந்தினருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் சமைக்கிறோம்.

காற்றையும் கவனிக்க வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் கயாக் தண்ணீருக்கு மேலே நிற்பதால் காற்றுக்கு இலகுவாக அள்ளுப்படும். கச்சான் வீசும் மாதங்களில் காலை ஒன்பது மணிக்குள் கரைக்கு வந்துவிடுகிறோம். வாடை தொடங்கினால் படகுகள் கொட்டிலுக்குள்தான். அந்த மாதங்களில் கடன் தவணைக்கு மிக்சர் பொதி செய்வது மறுபடி தொடங்கும். கயாக் மட்டும் சோறு போடும் என்று எவரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இதுவரை வெடித்தது ஒன்று. துவாரத்தின் ஓரத்தில், தூக்கிப் பிடிக்கும்போது பாரம் விழும் இடத்தில், விரல் நீளக் கீறல். தாங்கி ஒட்டுபவரிடம் கொண்டுபோனோம். அவர் அதை ஒட்டிக்கொண்டிருந்த முழு நேரமும் பெரியம்மா பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார். கம்பியின் மிச்சத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, மறுநாள் ஓட்டை விழுந்த பழைய வாளியொன்றை வைத்து மெழுகுதிரியில் உருக்கிப் பழகத் தொடங்கிவிட்டார். வாளி இன்னும் ஒழுகுகிறது. சூட்டுக் காற்று அடிக்கும் கருவி ஒன்று என்ன விலை என்று விசாரித்து வரும்படி சென்ற கூட்டத்தில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.